வாடைக்குத் தொண்டி, கச்சானுக்குச் சாயல்குடி: ராமநாதபுரத்து வாடகை சைக்கிள் எப்படி?

ராமநாதபுரத்தில் ரயில் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, பழைய மாதிரி சைக்கிள் கடை ஒன்று இருக்கிறது. போர்டு கிடையாது. மணிக்கணக்குக்கு வாடகை சைக்கிள் விட்ட காலத்திலிருந்து நடக்கும் கடை. இப்போது கடைக்காரரும் அவர் மகனும் நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கென்றே சைக்கிள் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வழியும் சொல்லி, மூட்டை முடிச்சைக் குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றி, அடுத்து ராத்தங்கும் ஊருக்குக் கொண்டுபோயும் வைக்கிறார்கள். பொங்கல் லீவில் நானும் என் நாத்தனாரும் அவர்களிடம் சைக்கிள் எடுத்துத் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரமாக ஓட்டினோம். போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். பெண்கள் போவதாக இருந்தால் மட்டும் சில விஷயங்களைக் கிளம்பும் முன்பே கறாராகப் பேசிவிட வேண்டும். அதையும் சொல்கிறேன்.

நான் பரமக்குடிக்காரி. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். தினமும் ஆபீசுக்குச் சைக்கிள்தான். நாத்தனாரும் அப்படியே. ரேஸ் ஓட்டுகிறவர்கள் போடும் இறுக்கமான உடுப்பெல்லாம் எங்களிடம் இல்லை. சுடிதார், ஷூ, வெயிலுக்குத் தலையில் பருத்தித் துண்டு. ஆகவே வேகம், சாதனை என்று இதில் எதையும் தேட வேண்டாம்.

போனில் முதலில் பேசியபோது சாயல்குடியில் தொடங்கி வடக்கே போகலாம் என்றுதான் கேட்டேன். அங்கே சின்னம்மா வீடு இருக்கிறது. முந்தின ராத்திரி தங்கிவிட்டு விடிகாலையில் கிளம்ப வசதி. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"தையில வாடைக்காத்து, தாயி. சாயல்குடியில ஏறுனீகன்னா தொண்டி வரைக்கும் மூஞ்சியிலயே வாங்கிக்கிட்டுப் போகணும். அங்கிட்டு இருந்து இங்கிட்டு வாங்க, காத்தே தள்ளிவிட்ரும்."

"அப்ப சாயல்குடியில எப்பண்ணே ஏறலாம்?"

"வைகாசிக்கு மேல கச்சான் அடிக்கும். அப்ப வாங்க. இப்பக் குடுக்க மாட்டேன்."

வாடகைக்கு விடுகிறவர் 'குடுக்க மாட்டேன்' என்று சொன்னதும் எனக்கு அந்த ஆள் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. வரைபடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். இந்த மாவட்டத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை வடகிழக்கே தொண்டிப் பக்கமிருந்து தென்மேற்கே சாயல்குடி தாண்டி வேம்பாரை நோக்கிச் சாய்வாக இறங்குகிறது. காற்றும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். மழைக்காலம் தொடங்கி தை, மாசி வரை வடகிழக்கிலிருந்து வாடை. வைகாசி, ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான். ஒன்று முதுகில் அடிக்கும், இல்லையென்றால் முகத்தில் அடிக்கும். குன்று ஒன்று கிடையாது. ஒற்றைப் பனையும் கருவேலமும் காற்றுக்கு ஒரு தடையே இல்லை. எதிர்காற்றில் கியரைக் குறைத்துக்கொண்டு நடப்பவரை விடக் கொஞ்சம் வேகமாக ஊர்வதும், பின்காற்றில் பாதி நேரம் மிதிக்காமலே போவதும் அதே சாலையில்தான். கடலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். கைப்பேசியில் சைக்கிள் வழி போட்டுக் கொடுக்கும் செயலியோ மேடு பள்ளத்தைத்தான் காட்டுகிறது. ராமநாதபுரத்துக்கு அது ஒரு நேர்கோடு. பார்க்கிறவர்கள் 'அடடா, சுலபம்' என்று ஏமாறத்தான் அது உதவும்.

சைக்கிளோடு ஒரு வழிப்படமும் தருகிறார்கள். கையால் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் செய்தது. சிவப்புப் புள்ளி பஞ்சர் கடை. வட்டம் போட்டது சாப்பாட்டுக் கடை. நீலப் புள்ளி நல்ல தண்ணி. வெளியூர்க்காரர்கள் இந்த நீலப் புள்ளியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. இங்கே கடலோர ஊர்களில் கிணற்றிலும் அடிபம்பிலும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், குழாயில் விடும் நேரத்துக்குக் காத்துக்கிடந்து, நாலு சக்கர இரும்புத் தள்ளுவண்டியில் வரிசையாகக் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகும் பெண்களை வழியெங்கும் பார்க்கலாம். இரண்டு லிட்டர் குடித்துவிட்டுப் போகும் நமக்கு அவர்கள் குடத்திலிருந்து வாங்கிக் குடிப்பது நியாயமில்லை. படத்தில் நீலப் புள்ளி போட்ட இடங்கள் கேன் தண்ணீர் விற்கும் கடைகள். அங்கே காசு கொடுத்து நிரப்பிக்கொள்ளுங்கள். டீ குடிப்பதானாலும் நீலப் புள்ளியிலேயே குடியுங்கள். உப்புத் தண்ணீர் டீயை ஒரு முறை குடித்தால் நான் சொல்வது புரியும்.

சைக்கிளுக்கு வருகிறேன். இரும்புச் சட்டம், நேர் கைப்பிடி, பின்னால் கனமான கேரியர், சாதாரண சைக்கிளை விட அகலமான டயர். கியர் நிறைய இருந்தாலும் நடுவில் உள்ள மூன்று நாலைத் தவிர வேறு எதற்கும் வேலை வரவில்லை. வெயிட் அதிகம்தான். வாசலில் படியேற்றும்போது இருவர் பிடிக்க வேண்டும். ஆனால் பையை மாட்டிய பிறகு காற்றில் தள்ளாடாமல் நிற்பது அந்தக் கனத்தால்தான். பிரேக் இரண்டும் நன்றாகப் பிடித்தன. மணி அடித்தால் ஆடுகூட விலகியது. வெள்ளைச் செம்மறி மந்தை சாலையை அடைத்துக்கொண்டு போகும் ஊரில் மணி முக்கியம்.

செயின் கவர் கிடையாது. இது என் முதல் குறை. பேன்ட் போட்ட ஆண்களை மனதில் வைத்தே சைக்கிளைப் பூட்டியிருக்கிறார்கள். சுடிதார் கால் பகுதி நம்புதாளை தாண்டுவதற்குள் செயினில் சிக்கி, நாத்தனாருக்குப் புதுத் துணியில் ஒரு சாண் நீளத்துக்குக் கருப்பு மசி. அப்புறம் தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டால் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஓட்டினோம். திரும்பி வந்து சொன்னபோது கடைக்காரர், "பேன்ட்டுக்குக் கிளிப்பு இருக்குல்ல தாயி" என்றார். கிளிப் இருக்கிறது, கல்லாப்பெட்டியில். கேட்டால்தான் தருவார். கேளுங்கள்.

இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் காற்றுக்கு அடுத்தபடியாகத் தெரிந்துகொள்ள வேண்டியது சீமைக்கருவேல முள்ளை. விறகுக்காகக் கொண்டுவந்த மரம் மாவட்டத்தையே பிடித்துக்கொண்டது. அதை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது இங்கே பலருக்குப் பிழைப்பு. வெட்டிய விறகை ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து சிந்தும் சுள்ளி சாலை ஓரத்தில்தான் கிடக்கும். நாம் ஓட்டுவதும் அதே ஓரத்தில். ஆகவே ஓரக்கோட்டுக்கு உள்ளே, தாரிலேயே ஓட்டுங்கள். பஸ் ஹாரன் அடித்தால் மட்டும் இறங்குங்கள். திருப்பாலைக்குடிக்கு முன்னால் எனக்குப் பின் டயரில் காற்று போனது. படத்தில் சிவப்புப் புள்ளி போட்டிருந்த கடை பக்கத்திலேயே இருந்தது. பஞ்சர் பார்த்த அண்ணனிடம் நான் கற்றுக்கொண்டதைச் சொல்லியே ஆக வேண்டும்.

டியூபைக் கழற்றித் தண்ணீரில் அமுக்கி, ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினார். அது எல்லோரும் செய்வது. அதற்குப் பிறகு டயரின் உட்புறத்தில் விரலை விடாமல், நைலான் சேலைத் துணி ஒரு துண்டை எடுத்து, டயருக்குள் வட்டமாக இழுத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துணி நின்றது. நூல் ஒன்று இழுபட்டுத் தெரிந்தது. அங்கே கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு முள் முனை ஒடிந்து நின்றிருந்தது. வெளியே இருந்து ஒரு குண்டூசியால் குத்தித் தள்ளி, உள்ளே நகவெட்டியால் பிடித்து இழுத்தார். "இதை விட்டுட்டு டியூப்ப மாட்டுனா அடுத்த ஊருக்குள்ள மறுபடியும் பஞ்சர்க்கா. முள்ளு நுனி டயருக்குள்ளயே உக்காந்துக்கிரும்." முழுவதும் இழுத்ததில் இன்னொரு முனையும் அகப்பட்டது. அது டியூபை இன்னும் தொடவில்லை. நாளெல்லாம் துணியோடு புழங்கும் எனக்கு, நூல் இழுபடுவதை வைத்து முள்ளைப் பிடிப்பார்கள் என்று தோன்றியதே இல்லை. ஒட்டுக்கு ஐம்பது ரூபாய். அந்த நைலான் துண்டில் பாதியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வாடகைக் கடை தரும் டயர் தடிமனானதுதான், உள்ளே பஞ்சரை அடைக்கும் பசையும் ஊற்றியிருக்கிறார்கள். அப்படியும் முள் வரும். மாற்று டியூப், லெவர், பம்ப் மூன்றும் பையில் வைத்திருந்தார்கள். பம்பின் வாய் மட்டும் என் சைக்கிளின் வால்வுக்குச் சேரவில்லை. நாத்தனார் சைக்கிளுக்குச் சேர்ந்தது. வாங்கும்போதே இரண்டுக்கும் அடித்துப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, உப்புக்காற்று. ராத்திரி வெளியே நிறுத்தினால் காலையில் செயின் செம்மண் நிறத்தில் இருக்கும். ஒரு பழந்துணியும் சின்ன எண்ணெய்ப் புட்டியும் பையில் போட்டிருந்தார்கள். சாப்பிட்ட பிறகு துடைத்து இரண்டு சொட்டு விடச் சொன்னார் கடைக்காரர். அதைத் தவறாமல் செய்தோம், செயின் கடைசிவரை முனகவில்லை.

தொண்டி வரை குட்டியானையிலேயே கொண்டுவிட்டார்கள். தொண்டியில் காலை ஆறரைக்கு இட்லியும் சூடை மீன் குழம்பும் கிடைத்தது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பத்து மணி வரை பசிக்காது. தொண்டியிலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். பின்காற்றில் மதியத்துக்குள் முடித்துவிடலாம், ஆனால் முடிக்காதீர்கள். சாலையை விட்டு இடதுபுறம் இறங்கினால் காரங்காடு. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். துடுப்புப் படகும் உண்டு. முதுகு வலிக்க ஓட்டிவிட்டு வந்து படகில் சாய்ந்துகொண்டு, தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்களுக்கு நடுவே போவது நல்ல இடைவேளை. சனி ஞாயிறு கூட்டம் இருக்கும்.

அடுத்தது உப்பூர். இங்கே பிள்ளையாருக்கு வெயிலுகந்த விநாயகர் என்று பெயர். மேலே கூரை இல்லாமல் வெயிலில் இருப்பவர். பதினொரு மணி வெயிலில் அவருக்கு எதிரே சைக்கிளை நிறுத்திய நாத்தனார், "மதினி, இவருக்குத்தான் நம்ம கஷ்டம் தெரியும்" என்று ஒரு சிதறுகாய் போட்டாள். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைப் பார்க்கலாம். ராமர் வைத்தவை என்று நம்பிக்கை. தை, ஆடி அமாவாசையை ஒட்டி இந்தப் பக்கம் சைக்கிளில் வராதீர்கள். தர்ப்பணத்துக்கு வரும் வேன்களும் பஸ்களும் சாலையை அடைத்துக்கொள்ளும். கடைக்காரரே அந்த நாட்களில் வாடகைக்குத் தருவதில்லையாம்.

இப்போது என் பெரிய குறை. அந்த அழகான படத்தில் பஞ்சர் கடை, டீக்கடை, நல்ல தண்ணி எல்லாம் இருக்கிறது. பெண்கள் ஒதுங்க இடம் எங்கே என்று ஒரு புள்ளி இல்லை. 'ரோட்டோரம் முழுக்கக் காடுதானே' என்று மகன் சொன்னான். முள்காடு. அதுவும் மறைவு என்று உள்ளே போனால் எதிரே ஆடு மேய்க்கிறவர் நிற்பார். இதனால் பெண்கள் என்ன செய்வார்கள் என்றால், தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். இந்த வெயிலில் தண்ணீர் குறைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தால் சாயங்காலம் தலைவலியும் குமட்டலும்தான். நாங்கள் போகிற வழியில் பெட்ரோல் பங்க், தர்கா, கோயில், பஸ் நிலையம் என்று கேட்டுக் கேட்டுப் போனோம். பங்க் கழிப்பறைகளில் பாதிக்குச் சாவி மேனேஜர் பையில் இருந்தது. காரங்காட்டில் இருந்தது. சில இடங்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஆச்சிகளிடம் கேட்டோம். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். ஆனால் காசு வாங்கிக்கொண்டு வழி சொல்கிறவர் அதைப் பிறர் தயவுக்கு விடக் கூடாது. திரும்பி வந்த அன்று அவர் மேஜையிலேயே உட்கார்ந்து, படத்தில் பச்சைப் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறித்துக் கொடுத்தேன். சாவி யாரிடம் என்பது உட்பட. "இதை யாரும் கேக்கலையே தாயி" என்றார். பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த ஜெராக்ஸில் பச்சைப் புள்ளி இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் விடாமல் கேளுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து தெற்கே போகும் பகுதி எனக்கு இன்னும் பிடித்தது. சுமார் பத்து கிலோமீட்டரில் திருப்புல்லாணி. ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலில் பாயசப் பிரசாதம் விசேஷம். தசரதன் பிள்ளை வரம் வேண்டிப் பாயசம் உண்ட தலம் என்பார்கள். சைக்கிள்காரர்களுக்கு அந்த இனிப்பு வேறு வகையில் வரம். அங்கிருந்து சேதுக்கரைக்கு ஒரு கிளைச்சாலை. வண்டி குறைவு, இருபுறமும் பனை. படத்தில் அதை விருப்பமிருந்தால் என்று போட்டிருக்கிறார்கள், கட்டாயம் என்று போட வேண்டும்.

அடுத்து கீழக்கரை. கல்லால் கட்டிய பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத்தில் நிற்கிறோமோ என்று தோன்றும். வள்ளல் சீதக்காதியின் ஊர் இது. ஆனால் நான் கீழக்கரையில் நின்றது தொதலுக்காக. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் போட்டு மணிக்கணக்காகக் கிளறி எடுக்கும் அல்வா மாதிரியான பண்டம் அது. கருப்பு நிறம். தொட்டால் விரலில் எண்ணெய் கசியும். கடையில் இருந்தவரிடம் (இந்த ஊரில் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள்), "காக்கா, சைக்கிள்ல போறோம். வெயில்ல கெட்டுப்போகாதா?" என்று கேட்டேன். "சிங்கப்பூருக்கே கொண்டு போறாக. சாயல்குடிக்குப் போறதுக்குள்ள கெட்ருமா?" என்று சிரித்துக்கொண்டே ஒரு துண்டு வெட்டித் தின்னக் கொடுத்தார். கைப்பிடிப் பையில் வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு துண்டு வீதம் தின்றோம். சைக்கிள்காரர்கள் வாங்கும் எனர்ஜி பார் விலையில் கால் பங்குதான், நாக்குக்கும் ருசி. ஒரே சங்கடம், கையில் ஒட்டும் எண்ணெய் கைப்பிடிக்கும் போய்விடும். ஈரத்துணி வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடைகள் சாத்தியிருக்கும். சாப்பாட்டையும் தொதலையும் அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

ஏர்வாடி தர்காவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அதற்கப்புறம் ஊர் குறைந்து வெட்டவெளி கூடுகிறது. வாலிநோக்கம் பக்கம் அரசின் உப்புக் கழகத்தின் உப்பளம். நாங்கள் போன சமயம் மழைத் தண்ணீரை வடித்துவிட்டுப் பாத்திகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். உப்பு வாருவதற்கு இன்னும் நாள் இருந்தது. பெண்கள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் சைக்கிளைப் பார்த்து, "நாங்களும் காலையிலேருந்து மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம், ஒரு இடமும் போய்ச் சேரல" என்று சத்தமாகச் சொல்ல, பாத்தி முழுக்கச் சிரிப்பு. இந்தப் பகுதியில் நிழல் என்பதே இல்லை. கண்ணைக் கூசும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். காலை ஒன்பதுக்குள் இதைக் கடந்துவிடும்படி திட்டம் போட்டுத் தருகிறார்கள், அது சரியான யோசனை.

சாயல்குடியை நெருங்க நெருங்கப் பனைதான். தையில் பதநீர் கிடையாது. அதற்குப் பங்குனி, சித்திரையில் வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அவித்த பனங்கிழங்கு. நாரை உரித்துத் தின்றுகொண்டே குட்டியானைக்காகக் காத்திருந்தோம். நாலு மணிக்கு வர வேண்டிய வண்டி ஆறேகாலுக்கு வந்தது. டிரைவர் வழியில் வேறு லோடு ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எங்களுக்குச் சின்னம்மா வீடு இருந்தது. வெளியூரிலிருந்து வந்து, ரயிலுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கடைசி நாள் ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போடாமல் மறுநாளுக்குப் போடுங்கள். தாமதத்துக்காக வண்டி வாடகையில் முந்நூறு குறைத்துக்கொண்டார்கள். கேட்டதால் குறைத்தார்கள்.

தனுஷ்கோடியை அவர்கள் தனிப் பயணமாகத் தருகிறார்கள். எல்லோரும் கேட்பது அதைத்தான், நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாகப் போகும் சாலையில் சுற்றுலா வேனும் மீன் லாரியும் விடாமல் ஓடும். நிம்மதியாக ஒரு கிலோமீட்டர் ஓட்ட முடியாது. 1988இல் திறந்த பாம்பன் சாலைப்பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடுப்பாலத்தில் பக்கக்காற்று சைக்கிளைத் தள்ளும், அதே இடத்தில்தான் ஆட்கள் காரை நிறுத்தி ரயில் பாலத்தைப் படம் எடுப்பார்கள். 1914இன் பழைய பாலத்துக்குப் பதிலாக 2025இல் திறந்த புதிய தூக்குப்பாலம் தெரியும்போது பார்க்க ஆசைதான், இறங்கித் தள்ளிக்கொண்டே பாருங்கள். என் யோசனை, சைக்கிளை ராமேசுவரம் வரை வண்டியில் ஏற்றிவிட்டு, விடிந்ததும் அங்கிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு மட்டும் ஓட்டுங்கள்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டிய சாலை 2017இல் திறந்தது. அதற்கு முன் மணலில் வேனில்தான் போக வேண்டும். இருபுறமும் கடல். ஒருபுறம் அலையடிக்காத பெண்கடல், மறுபுறம் குமுறும் ஆண்கடல். காற்று மணலை அள்ளித் தாரின் மேல் கொட்டியிருக்கும். அங்கே திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேரே விடுங்கள். டயர் வழுக்கும். 1964 புயலில் அழிந்த ஊரின் சர்ச்சுச் சுவர் சாலையோரமே நிற்கிறது. பனிக்காலத்தில் பூநாரைகள் வரும், தொலைவில் நின்று பார்த்தால் போதும், அது இப்போது சரணாலயம். எட்டு மணிக்குமேல் வேன்கள் வரத் தொடங்கிவிடும். அதற்குள் திரும்பிவிட்டால் அந்தச் சாலையைப் போலச் சைக்கிளுக்கு வேறு சாலை இல்லை. சாயங்காலம் போகலாம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள், இருட்டும் முன்பே போலீசார் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவர்கள் தராத வழி ஒன்று இருக்கிறது. கடலை விட்டு உள்ளே, கண்மாய்க் கரைகள். உத்தரகோசமங்கை போய், அங்கிருந்து மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம், சித்திரங்குடி என்று சுற்றி வந்தால் தை மாசத்தில் கண்மாய் நிறையத் தண்ணீரும் கருவேல மரம் நிறையக் கொக்கும் நாரையும் இருக்கும். பஸ்ஸே எப்போதாவதுதான். மாசி, பங்குனியில் களத்தில் குண்டு மிளகாய் காயும், காற்று வாக்கில் தும்மலும் வரும். பரமக்குடிக்காரியான எனக்கு இதுதான் இந்த மாவட்டம். கடைக்காரரிடம் கேட்டால் "உள்ள முள்ளு ஜாஸ்தி தாயி, பஞ்சர் கடையும் இல்ல" என்கிறார். முள் உண்மைதான். என்னிடம் நைலான் துண்டு இருக்கிறது, நகவெட்டி இருக்கிறது. வழிப்படம் ஒன்று வரைந்து தந்தால் நானே ஓட்டிப் பார்த்துப் புள்ளி வைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மகனுக்கு இதில் ஆர்வம் தெரிகிறது.

வாடகை நாளுக்கு 450 ரூபாய். மூட்டை வண்டிக்கும் தொண்டி, சாயல்குடி ஏற்றி இறக்கவும் தனிக்காசு, இருவர் சேர்ந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம். அடையாள அட்டை நகலும் முன்பணமும் கேட்பார்கள். முன்பணம் சைக்கிளைத் திருப்பிய அன்றே ஜீபேயில் வந்துவிட்டது. ஹெல்மெட் தருகிறார்கள், ஆனால் எல்லாமே பெரிய அளவு. கொண்டை போட்டால் உட்காரும், இல்லையென்றால் கண்ணை மறைக்கும். சொந்தமாக இருந்தால் கொண்டுபோங்கள். தங்குவதற்கு ராமநாதபுரத்திலும் கீழக்கரையிலும் அவர்களே லாட்ஜ் பேசித் தருகிறார்கள். கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள், சைக்கிளை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

வைகாசிக் கடைசியில் கச்சான் பிடித்ததும் சாயல்குடியில் ஏறுவதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். நீங்கள் பெண்கள் போவதானால் போனிலேயே பச்சைக் கலர் சைக்கிள் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கடையில் அப்படி இரண்டுதான் இருக்கின்றன, அவற்றில்தான் சீட் அகலம். வைகாசிக்கு அந்த இரண்டும் எங்களுடையது.